கேள்வி - பதில்: சாண்ட்பாக்ஸ் என்றால் எந்தப் பெட்டி?

கேள்வி: ஐ.டி.யில் இருக்கும் என் மகன், "முதலில் சாண்ட்பாக்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவோம்" என்கிறான். லோகோ பைலட்டாக இருந்து ரிட்டயர் ஆன என் அண்ணனோ, சாண்ட்பாக்ஸ் ரயில் இன்ஜினில் இருப்பது என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி ஒருவர், விழுப்புரம்

பதில்: இருவர் சொல்வதும் சரி. அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன், பெட்டிக்குள் நிஜமாகவே மணல் இருப்பது அங்கேதானே. சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு, அதன்மேல் மழை ஈரம் வேறு. பாரத்தோடு ஏற்றத்தில் கிளம்பும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். அப்போது லோகோ பைலட் மணலைத் திறந்துவிடுவார், அழுத்தக் காற்று அதைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் தூவும், பிடிமானம் கிடைக்கும். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் கட்டிதட்டிக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மகன் சொல்லும் பெட்டி வேறு வழியில் வந்தது. மேலை நாடுகளில் பூங்காவிலும் வீட்டுக் கொல்லையிலும் நாலு பக்கமும் பலகை அடித்து மணல் நிரப்பி வைப்பார்கள். குழந்தை உள்ளே எதைக் கட்டினாலும் இடித்தாலும் பலகைக்கு இந்தப் பக்கம் பாதிப்பில்லை. இன்ஜினில் மணல் வெளியே வந்தால்தான் வேலை நடக்கும், இங்கே வெளியே வரவே கூடாது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான்: நம்பலாமா என்று தெரியாத புரோகிராமை அடைத்து ஓடவிடுவது, கெட்டாலும் அங்கேயே கெடட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கத்துக்கு 'மணல்தொட்டி' என்றே அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். புதிய பணப்பரிமாற்ற முறைகளைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க ரிசர்வ் வங்கியும் 2019-ல் ஒரு சாண்ட்பாக்ஸுக்கு விதிமுறை வகுத்தது.

அப்புறம், உங்கள் கையிலேயே ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி பயனர் எண் கொடுத்துப் பிரித்து வைத்திருப்பதால், சமையல் குறிப்புச் செயலி உங்கள் வங்கிச் செயலியின் கோப்புகளை எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் 'அனுமதி' என்று நாமே அழுத்திவிட்டால் அது எஸ்.எம்.எஸ். படிக்கும், ஓ.டி.பி. அதில்தானே வருகிறது! வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு (போனில் புதுச் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், அனுப்பியவர் தெரிந்தவராகவே இருந்தாலும் தயவுசெய்து திறக்காதீர்கள். இன்றைக்கே மகனை உட்கார வைத்து, செட்டிங்ஸில் எந்தெந்தச் செயலிக்கு எஸ்.எம்.எஸ். அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாததை எடுத்துவிடச் சொல்லுங்கள்.