ரூத் பிரவுனும் அட்லாண்டிக் கம்பெனியும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அட்லாண்டிக் இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கியவர் துருக்கிக்காரராமே?

பதில்: ஆமாம் தம்பி. அஹ்மத் எர்டிகன், வாஷிங்டனில் துருக்கித் தூதராக இருந்தவரின் மகன். அவருக்கும் அண்ணன் நெசுஹிக்கும் சின்ன வயதிலிருந்தே ஜாஸ் பித்து. 1944-ல் தந்தை இறந்து குடும்பம் ஊர் திரும்பிய பிறகும் அஹ்மத் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். 1947-ல் வாஹ்தி சாபித் என்ற பல் மருத்துவரிடம் 10,000 டாலர் வாங்கி, ஹெர்ப் ஆப்ராம்சனுடன் சேர்ந்து நியூயார்க்கில் கடையைத் திறந்தார். அப்போது இந்தத் தொழில் தெரிந்தவர் ஆப்ராம்சன்தான். கணக்கு வழக்கைக் கறாராகப் பார்த்தவர் அவருடைய மனைவி மிரியம். அவர் பெயரைப் பலரும் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்.

கேள்வி: முதல் வெற்றி எது சார்?

பதில்: 1949-ல் ஸ்டிக் மெக்கீ பாடிய ஒரு குடிப்பாட்டு. அதற்கு முன் வந்த தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. 1948 முழுக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை விதித்திருந்தது வேறு.

கேள்வி: அட்லாண்டிக்கை 'ரூத் கட்டிய வீடு' என்கிறார்களே, அது மிகையில்லையா?

பதில்: இல்லவே இல்லை. 1948 அக்டோபரில் நியூயார்க் வரும் வழியில் கார் விபத்தில் சிக்கி பாடகி ரூத் பிரவுனின் கால்கள் நொறுங்கின. மருத்துவமனைப் படுக்கையில்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மறு வருடமே ஊன்றுகோலோடு வந்து பாடினார். 1950-ல் வந்த 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' ரிதம் அண்ட் ப்ளூஸ் (அன்றைய கறுப்பின மக்களின் ஆட்டப் பாட்டு இசை) பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் நின்றது. மெதுவான காதல் பாட்டையே விரும்பியவர் அவர். வேகமான தாளத்துக்குள் வந்ததும் அந்தக் குரல் உச்சியில் ஒரு கீச்சொலியோடு உடையும் பாருங்கள், அதற்காகவே தட்டு வாங்கினார்கள். பாடகர் ரே சார்லஸ் 1952-ல் வந்தார், ஒப்பந்தத்தை 2,500 டாலருக்கு வாங்கினார்கள். அவர் பெரிய ஆளாவதற்கு முன்பே கம்பெனியை நிற்கவைத்தவர் ரூத்.

கேள்வி: அந்தப் பழைய தட்டுகளில் பேஸும் (தாழ்ந்த சுரம் தரும் தந்தி வாத்தியம்) டிரம்ஸும் இவ்வளவு தெளிவாகக் கேட்பது எப்படி?

பதில்: இரண்டு பேர் காரணம். ஒருவர் ஜெஸ்ஸி ஸ்டோன் என்ற கறுப்பின இசையமைப்பாளர். கம்பெனிக்காரர்களோடு தென் மாநிலங்களுக்குப் போனபோது, அட்லாண்டிக் தட்டுக்கு இளசுகளால் ஆட முடியவில்லை என்று கண்டுகொண்டார். திரும்பி வந்து, ஆடத் தோதான பேஸ் நடைகளை எழுதினார். எனக்குக் கேட்டால் கம்பெனியின் ஒலி பிறந்தது அங்கேதான். இன்னொருவர் ஒலிப்பதிவாளர் டாம் டவுட். பதின்ம வயதில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். மேற்கு 56-வது தெரு அலுவலகத்தில் சாயங்காலம் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டால் அதுதான் ஸ்டூடியோ. 1954-ல் பிக் ஜோ டர்னரின் 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' பதிவானபோது பின்னணியில் கத்திக்கொண்டிருப்பவர்கள் ஸ்டோனும் முதலாளிகள் எர்டிகனும் ஜெர்ரி வெக்ஸ்லரும்தான்!

கேள்வி: இதே பாட்டை வெள்ளைக்காரர்கள் பாடி அதிகம் சம்பாதித்தது உண்மையா?

பதில்: உண்மை. டர்னர் பாட்டை அதே வருடம் பில் ஹேலி வரிகளைச் சுத்தப்படுத்திப் பாடினார். அட்லாண்டிக் பாடகி லாவெர்ன் பேக்கரின் 'ட்வீட்லி டீ' பாட்டை ஜார்ஜியா கிப்ஸ் அச்சு அசலாக எடுத்துப் பாடியது இன்னும் கொடுமை. ஒரு பாட்டுக்கு வாத்தியங்களையும் குரலையும் கோத்த விதத்தைக் காப்பாற்ற அன்றைய சட்டத்தில் வழியில்லை. லாவெர்ன் சும்மா இருக்கவில்லை, சார்லஸ் டிக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிச் சட்டத்தை மாற்றக் கேட்டார்.

கேள்வி: ஐயா, ரூத் பிரவுன் வீட்டு வேலை செய்தார் என்று படித்தேன். அவ்வளவு தட்டு விற்றவருக்கா?

பதில்: அவருக்கேதான் அம்மா. ஒலிப்பதிவுச் செலவைப் பாடகர் கணக்கிலேயே எழுதுவார்கள். அது கழியும்வரை ராயல்டி, அதாவது விற்பனையில் பாடகருக்கு உரிய பங்கு, வராது. 60-களில் பாட்டு ஓய்ந்ததும் வீட்டு வேலைக்குப் போனார், பஸ் ஓட்டினார். 1967-ல் கம்பெனியை 17.5 மில்லியன் டாலருக்கு விற்றார்கள். ரூத் விடவில்லை. ஹவல் பெகிள் என்ற வழக்கறிஞரோடு வருடக்கணக்கில் போராடினார். 1988-ல் அட்லாண்டிக் பழைய கலைஞர்களின் கடன் கணக்கை ரத்து செய்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளை தொடங்கப் பணமும் கொடுத்தது. நல்ல இசையைக் கண்டுபிடிக்கும் எர்டிகனின் காது எனக்குப் பிடிக்கும், ஆனால் இந்தக் கணக்கு வழக்கை நியாயப்படுத்த என்னால் முடியாது.

கேள்வி: புதிதாகக் கேட்பவன் எதில் தொடங்கலாம்?

பதில்: 'மாமா, ஹி ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்', 1953, ரூத் பிரவுன். அப்புறம் டிரிஃப்டர்ஸ் பாட்டுக் குழுவின் 'மனி ஹனி', அதுவும் 1953. எழுதியது நம்ம ஜெஸ்ஸி ஸ்டோன். அடுத்து ரே சார்லஸின் 'ஐ காட் எ வுமன்', அட்லாண்டா வானொலி நிலையம் ஒன்றில் பதிவானது. மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள், முதல் தடவை பேஸை மட்டும் கவனித்து.