ஈரல் கொழுப்புக்கு மீன் எண்ணெய் மாத்திரை: கேள்வி பதில்

நாகர்கோவிலில் உணவு ஆலோசனை சொல்பவள் நான். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

கருங்கல்: அக்கா, ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 2. 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரை தினம் ஒன்று போட்டால் சரியாகுமா?

ஒன்றில் ஆகாது தம்பி. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் உள்ள 1000 எண்ணெயின் எடை. வேலை செய்வது இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். சாதாரண மாத்திரையில் 180, 120 என்று சின்ன எழுத்தில் இருக்கும், கூட்டினால் 300. ஆய்வுகளில் பெரும்பாலும் 2 முதல் 4 கிராம் வரை கொடுத்தார்கள். 4 கிராமுக்கு இந்த மாத்திரை 13-க்கு மேல் விழுங்க வேண்டும்!

அந்த அளவில் ரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு நன்றாக இறங்கும், ஈரல் கொழுப்பும் ஓரளவு குறையும். கொழுப்பால் ஈரல் புண்ணாகி விழும் தழும்பு குறைவது உறுதியாகவில்லை. இங்கிலாந்தில் நடந்து 2014-இல் வெளியான வெல்கம் ஆய்வில், தினம் 4 கிராம் வீதம் 15 மாதங்களுக்கு மேல் கொடுத்தும் தழும்பு மதிப்பெண் மாறவில்லை. பயப்பட வேண்டியது அந்தத் தழும்புக்குத்தான். அதைக் குறைக்க உடல் எடையில் 10 சதவீதம் இறங்க வேண்டும். 80 கிலோ என்றால் 8 கிலோ. கொழுப்பு மட்டும் குறைய 5 சதவீதமே போதும். அப்புறம், அதிக அளவில் மாத்திரை போட்டால் சிலருக்கு இதயத் துடிப்பு சீர்கெடும். டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

குளச்சல்: வீட்டில் சாளை மீனும் அயிலை மீனும்தான். மாத்திரையும் வேண்டுமா?

வேண்டாம். சாளை வெட்டும்போது விரலில் வழுக்கும் நெய்யில் இருப்பதும் அதே ஒமேகா-3தான். கறி வையுங்கள். பொரித்தால் அதில் கொஞ்சம் சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய் மீனில் ஏறும். கூட மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) எவ்வளவு என்றும் பாருங்கள். மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றிவிடும்.

தக்கலை: மீன் ஈரல் எண்ணெய் குடிக்கலாமா?

கூடாது. அது வேறு, மீன் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம். மிஞ்சினால் நம் ஈரலிலேயே தங்கிக் கெடுக்கும்.

மார்த்தாண்டம்: தேங்காய் எண்ணெய் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, நேரே எரிந்துவிடும் என்கிறார்களே, ஈரலில் சேராதுதானே?

இதற்கு மட்டும் 11 பேர் சண்டைக்கு வந்துவிட்டீர்கள். சரி, பேசுவோம். சங்கிலி என்பது கொழுப்பு அமிலத்தில் கார்பன் அணுக்கள் கோத்திருக்கும் நீளம். நேரே ஈரலுக்குப் போய் எரிபவை கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் இவை கொஞ்சம்தான். பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பு போலத்தான் உறிஞ்சப்படுகிறது. மொத்தத்தில் 90 சதவீதத்துக்குப் பக்கம் நிறைவுற்ற கொழுப்பு.

ஸ்வீடனில் 7 வாரம் இரண்டு குழுவுக்கு மஃபின் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கு நிறைவுற்ற கொழுப்பு அதிகமுள்ள பாமாயிலில், இன்னொன்றுக்கு அது குறைவான சூரியகாந்தி எண்ணெயில். எடை ஒரே அளவு ஏறியும், ஈரல் கொழுப்பு பாமாயில் குழுவில்தான் அதிகம் ஏறியது. அது தேங்காய் எண்ணெய் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நிறைவுற்ற கொழுப்பு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை அது காட்டுகிறது. மீன்கறிக்கு அரைக்கும் தேங்காயை யாரும் நிறுத்த வேண்டாம் மக்களே. எண்ணெயை மட்டும் அளந்து ஊற்றுங்கள், ஆளுக்கு மாதம் அரை லிட்டர்.

இரணியல்: மாத்திரை எத்தனை போடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

திங்கள்நகர்: ஈரல் எண்ணெய் மாத்திரை ஈரலுக்கு நல்லதுதானே?

இல்லை! தக்கலைக்காரருக்குச் சொன்னதேதான்.

குலசேகரம்: அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். மீன் எண்ணெய் கொடுக்கலாமா?

நான் சொல்லக் கூடாது. மாத்திரை டப்பாவோடு அவருடைய டாக்டரிடம் போங்கள். அதுவரை கொடுக்காதீர்கள்.