காபி பூக்கும் ஊரில் குடியேறலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று, சொல்லிவைத்தாற்போல் ஏற்காட்டைப் பற்றியே இருந்தன. பதினாறு ஆண்டுகளாக அங்கே குடியிருப்பவன் என்ற உரிமையில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கலிபோர்னியாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அவள் அழைத்துப்போன சொனோமா என்ற திராட்சைத் தோட்ட ஊர் என் மனத்தைவிட்டு அகலவில்லை. நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிலும் பழைய கட்டடங்கள், சற்றுத் தூரம் போனால் திராட்சைக் கொடிகள். "அப்படி வாழ நமக்கு ஏற்காடு இருக்கிறதே" என்கிறேன் நான். "சுற்றுலா போகிற ஊரில் குடியிருக்க முடியாது" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதே சரி. ஆனாலும் உங்கள் கணவரின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மே மாதத்தில் அவர் பக்கம் சாட்சி சொல்ல ஊரே திரண்டு வரும்.

சொனோமாவின் அழகுக்குப் பாதிக் காரணம், அதன் வரலாறு அந்தச் சதுக்கத்தைச் சுற்றியே அடங்கியிருப்பதுதான். கலிபோர்னியாவின் 21 கத்தோலிக்க மிஷன்களில் கடைசியானது அங்கே 1823இல் நிறுவப்பட்டது. பின்னர் வயெஹோ என்ற மெக்சிகத் தளபதி அதன் அருகிலேயே ஊரையும் சதுக்கத்தையும் வகுத்தார். 1846இல் அமெரிக்கக் குடியேறிகள் கரடிக் கொடியை ஏற்றித் தனிக் குடியரசு என்று அறிவித்ததும் அங்கேதான். 1857இல் தொடங்கிய புவெனா விஸ்டா ஒயின் தோட்டமும் அதிகத் தொலைவில் இல்லை. ஒரு மாலை நடையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

ஏற்காடு தன்னை அப்படித் திரட்டிக் காட்டுவதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். அவருடைய காலத்து நினைவைச் சுமக்கும் கிரேஞ்ச் எஸ்டேட் ஒரு திசையில் இருக்கிறது. 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி இன்னொரு பக்கம் இருக்கிறது. வெள்ளைக்காரர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மலையில் வாழும் மலையாளி மக்களின் ஊர்களோ, 32 கிலோமீட்டர் லூப் ரோட்டின் நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, இவர்கள் இந்த மலைவாசிகள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள்.) ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் பெயர் தந்த சேர்வராயன் சாமி, 5,326 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் காவேரி அம்மனோடு வீற்றிருக்கிறார். மே மாதத் திருவிழாவின்போது அந்தக் குகை வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். இந்த மலையின் உண்மையான சொந்தக்காரர்கள் யார் என்பது விளங்கிவிடும். ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நிற்பவர்கள் இதைக் காண்பதே இல்லை.

ஆனால் இரண்டு ஊர்களுக்கும் பொதுவான இன்பம் ஒன்று உண்டு, அதற்காகவே நான் இங்கே தங்கிவிட்டேன்: ஊர் முழுவதும் ஒரே பயிரின் பஞ்சாங்கத்தைப் பார்த்து நடக்கிறது. சொனோமாவில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை திராட்சை அறுவடை. குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். இங்கே காபிச் செடி உறங்குவதில்லை. சில்வர் ஓக் மரத்தின் நிழலில், அதன்மேல் மிளகுக் கொடி ஏறியிருக்க, ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கிறது. மார்ச்சிலோ ஏப்ரலிலோ பெய்யும் முதல் நல்ல மழையைப் பூ மழை என்பார்கள். அது பெய்த ஒன்பது, பத்து நாளில் ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால், நேற்றுவரை பச்சையாக இருந்த சரிவு முழுவதும் வெள்ளையாக இருக்கும், மல்லிகைக்கும் எலுமிச்சைப் பூவுக்கும் இடைப்பட்ட ஒரு மணம் வீட்டுக்குள் நுழையும். மூன்று நாள்தான், நான்காம் நாள் பூக்கள் பழுப்பேறிச் சுருங்கிவிடும். அந்த மூன்று நாளும் கடைத்தெருவில் வேறு பேச்சே கிடையாது. பூவுக்குப் பின் தொடர் மழை வருமா வராதா என்பதில்தான் அந்த ஆண்டின் காய்ப்பிடிப்பு இருக்கிறது.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பார்கள். அப்போது பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும் எஸ்டேட் பக்கமாக நடந்தால் தோல் புளிக்கும் வாடை மூக்கைத் துளைக்கும். எனக்குப் பிடிக்க நான்கு ஆண்டுகள் ஆயிற்று. கழுவிய கொட்டையைக் களத்தில் பரப்பி மரப்பலகையால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி ஈரப்பதம் காட்டும் கருவியைப் பையில் வைத்துக்கொண்டே, ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். கடி பட்ட இடம் அமுங்கினால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும் என்று கணக்கு. காய்ந்த பிறகு பெரும்பகுதி மூட்டையாகி மலையிறங்கிவிடும். திராட்சை ஊரில் விளைந்தது அங்கேயே புட்டிக்குள் போய்த் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்க, ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் நீங்கள் குடிக்கும் சிக்கரி கலந்த காபி எந்த மலையில் விளைந்ததோ யார் கண்டார்! இது எங்கள் ஊரின் தீராத குறை.

இனி உங்கள் கணவரின் கட்சி. சனி, ஞாயிறுகளில் ஒண்டிக்கடை ரவுண்டானாவைக் கடப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். கோடை விழா நாட்களில் காய்கறிக்குக்கூட நாங்கள் காலை ஏழு மணிக்கு முன் போய்விடுகிறோம். இரவில் நெஞ்சு வலித்தால் முதலுதவிக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சை என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். காட்டெருமை வாசல்வரை வரும் நாளில் வெளியே செல்ல முடியாது. இவற்றோடு சேர்த்தே ஊரை ஏற்றுக்கொள்ள உங்கள் கணவர் இசைந்தால் தாராளமாக வாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஊர் உங்களுடையது.

கேள்வி: ஏற்காட்டில் இவ்வளவு குளிர்ச்சி இருந்தும் திராட்சையை ஏன் பயிரிடுவதில்லை? ஒயின் ஊராகவே ஆக்கியிருக்கலாமே?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: குளிர்ச்சி மட்டும் போதாது, தம்பி. பழம் முற்றும் காலத்தில் திராட்சைக்கு வறண்ட வெயில் வேண்டும். மூடுபனியும் விடாத சாரலும் இருந்தால் அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்றுவிடும். தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பேர்போன இடம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காபிக்கோ அரை நிழலும் பனியும்தான் உயிர். காக்பர்ன் துரை இந்த மலைக்குப் பொருத்தமான பயிரைத்தான் கொண்டுவந்தார்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய இடம் வாங்கி வீடு கட்ட நினைக்கிறேன். கவனிக்க வேண்டியவை என்ன?
– வணிகர், ஈரோடு

பதில்: மலையாளி மக்களுக்கு அரசு நிபந்தனையோடு வழங்கிய நிலத்தை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அத்தகைய நிலத்தை வாங்கிவிட்டு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மலைப்பகுதியில் கட்டடம் எழுப்புவதற்குச் சமவெளியில் இல்லாத தனி அனுமதிகளும் உண்டு என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் மூலப்பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.

அதைவிட, முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே என் யோசனை. வீடு பார்க்க மே மாதம் வராதீர்கள். அப்போது எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். அக்டோபரில், நான்கு நாள் விடாமல் மழை பெய்த பிறகு வாருங்கள். பீரோவைத் திறந்து துணிகளை முகர்ந்து பாருங்கள், படுக்கையறையில் வெயில் படாத பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். கை ஈரமாகத் திரும்பினால், உரிமையாளர் எவ்வளவு வாடகையைக் குறைத்தாலும் அந்த வீடு வேண்டாம்.