கை வரையும் பெண்ணை டாக்டராக்கத்தான் வேண்டுமா?

வணக்கம் அம்மா. பாடப் புத்தகத்தின் ஓரமெல்லாம் மகள் மனித உருவமாக வரைந்து தள்ளுகிறாள், சில படங்களில் உடையே இல்லை என்று பதறி எழுதியிருந்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. உடம்பை வரையப் பழகுகிறவர்கள் காலங்காலமாக அப்படித்தான் பழகுகிறார்கள்.

சமாதானம் இவ்வளவுதான். ‘முதலில் டாக்டராகட்டும், அப்புறம் வரையட்டும்’ என்கிற உங்கள் அண்ணனின் பேச்சை நான் ஏற்கவில்லை. அவரே டாக்டர், உடற்கூறுப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்க டாக்டர் ஃபிராங்க் நெட்டரை உதாரணம் காட்டுகிறார். சரி, நெட்டர் கதையை முழுசாகச் சொல்லட்டும். ஓவியம் படித்த மனிதர், வீட்டார் வற்புறுத்தி மருத்துவம் படித்தார், பட்டமும் வாங்கினார். கடைசியில் தொழிலை விட்டுவிட்டு முழுநேரமும் படம்தான் வரைந்தார்.

ஓவியக் கல்லூரி, அனிமேஷன், ஆசிரியர் வேலை எல்லாம் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். யாரும் சொல்லியிருக்காதது மருத்துவ ஓவியம். அறுவைச் சிகிச்சையைப் புகைப்படம் எடுத்தால் எங்கும் ஒரே சிவப்பு. நரம்பு எது, ரத்தக் குழாய் எது என்று பிடிபடாது. எதை விடுவது, எதை எடுத்துக் காட்டுவது என்று தெரிந்த கை அங்கே வேண்டும். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா போன மாக்ஸ் பிரோடெல் அப்படிப்பட்டவர். கரித்தூளைத் தூரிகையால் அட்டையில் தடவி, ஈரத் திசுவின் பளபளப்பைச் சுரண்டியே வரவழைத்தார். சிறுநீரகத்தை வரைவதற்காக அதன் குழாய்களை ஆராய்ந்தவர், எந்த இடத்தில் வெட்டினால் ரத்தம் குறைவாகப் போகும் என்று காட்டினார். ‘பிரோடெல் கோடு’ என்று அதை இன்றும் சொல்கிறார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத ஓவியரின் பெயர் அது. அண்ணனிடமே கேட்டுப் பாருங்கள். 1911இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே அவர் தலைமையில் தொடங்கிய துறை இன்னும் நடக்கிறது. இப்போது முப்பரிமாண மாதிரி, நோயாளிக்குப் புரியவைக்கும் அசைபடம், வழக்குகளுக்கான படம் என்று வேலை விரிந்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பாட்டியின் கை இருக்கிறது. கட்டைவிரலை விரித்தால் அதனடியில் ஒரு குழி விழும், இருபுறமும் தசைநாண் எழும்பும். யாரும் சொல்லித்தராமல் அதைக் கவனித்திருக்கிறாள்!

பணத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இதற்கான முதுநிலைப் படிப்புகள் சொற்பம், கட்டணமும் கனம். இப்போதே கடனில் இறங்காதீர்கள். இளநிலையில் உயிரியல் எடுத்துக்கொண்டு, கூடவே உருவம் வரையும் பயிற்சியை விடாமல் தொடரட்டும். இரண்டும் கேட்பார்கள்.

இன்னொன்று, பதப்படுத்திய உடலின் வாடையில் மணிக்கணக்காக நின்று வரைய வேண்டியிருக்கும். முகம்தான் பிடிக்கும், குடல் வேண்டாம் என்று அவள் சொன்னால் இதையும் தூக்கிப் போடுங்கள். அண்ணன் திணித்தால் தப்பு, நான் திணித்தால் சரியா?

அடுத்த முறை அவளை அழைத்து வாருங்கள். நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.