பிற்பகல் பள்ளிக்குப் போகும் பையன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பினாங்கு மாநிலத்தின் சிம்பாங் அம்பாட்டில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான் பத்து காவான் தொழிற்பேட்டையில் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு, ஏழு மணியிலிருந்து ஏழு மணி வரை. கணவருக்குப் பட்டர்வொர்த்தில் வேலை. காலை ஏழுக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் வருவார். எங்களுக்கு ஒரே மகன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இந்த ஜனவரியில் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்தான். அங்கே முதலாம் படிவத்துக்குப் பிற்பகல் பள்ளி. பன்னிரண்டு மணிக்கு வேன் வரும், வீடு திரும்ப ஏழாகிவிடும்.

கொவிட் காலத்தில் என் தொழிற்சாலை மூடியிருந்தபோது என் மடியில் உட்கார்ந்துதான் எழுத்துக்கூட்டிப் படித்தான். வாய் ஓயாமல் பேசுவான். இப்போது எது கேட்டாலும் "ம்" என்கிறான். கதவைச் சாத்திக்கொள்கிறான், விடிய விடியக் கைப்பேசி பார்க்கிறான். எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்குபவன் அறிவியலிலும் கணிதத்திலும் இறங்கிவிட்டான். தைப்பிங்கிலிருந்து மாமியார் போன் செய்யும்போதெல்லாம், "தாய் இருந்தும் இல்லாத பிள்ளை" என்கிறார். வேலையை விட்டுவிடட்டுமா அக்கா? கைப்பேசியைப் பிடுங்கி வைக்கட்டுமா? என் பழைய பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும்.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

வேலையை விட வேண்டாம். அழுதுகொண்டே எழுதிய கடிதம் என்று வரிகளே சொல்கின்றன. அந்த நிலையில் எந்தத் தாயும் "விட்டுவிடுகிறேன்" என்றுதான் சொல்வாள். ஆனால் நீங்கள் எழுதிய நேரங்களை ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். நீங்கள் வேலைக்குப் போவதல்ல அங்கே தெரிகிற குறை. பகல் ஷிப்டு வாரத்தில் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை அந்த வீட்டில் பையனைத் தவிர ஒரு மனிதர் இல்லை. ஐந்து மணி நேரம்! கொவிட் காலம் போக, ஆறாம் ஆண்டு வரை விடிந்ததும் பள்ளிக்கு ஓடி, மதியம் கூட்டாளிகளோடு வேனில் சத்தம் போட்டுக்கொண்டு வந்த பிள்ளை அவன்.

நான் பிறந்தது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். என் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு, அதாவது வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார். நாங்கள் கண் விழிக்கும்போது லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அநேகமாக எந்தப் பிள்ளையின் அம்மாவும் இருக்கமாட்டார். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் இருக்கும், நாங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போவோம். வேலைக்குப் போகிற தாய் என்பவர் மலேசியத் தமிழ்க் குடும்பத்துக்குப் புதியவர் அல்லர். நம் பாட்டிமார் காலத்திலிருந்தே அப்படித்தான். உங்கள் மாமியாரின் தாயாரும் பெரும்பாலும் அப்படி உழைத்தவராகத்தான் இருப்பார். தோட்டத்து வாழ்க்கையை இனிப்பாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. வறுமையும் கள்ளுக்கடையும் என்ன செய்தன என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் லயத்தில் ஒரு பிள்ளை தனியாக இருக்க முடியாது. கதவு திறந்தே கிடக்கும், வேலைக்குப் போகாத கிழவி ஒருத்தி எங்களைத் திட்டிக்கொண்டே சோறு போடுவாள். தாய்மார் வேலைக்குப் போவது இன்றும் மாறவில்லை. அந்தக் கிழவியைத்தான் நாம் இழந்துவிட்டோம்.

ஆகவே உங்கள் மகனுக்குக் காலை நேரத்தில் மனித முகம் வேண்டும். அதே பள்ளியில், அதே பிற்பகல் நேரத்தில், அதே வேனில் போகும் பிள்ளைகள் உங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். வேன் ஓட்டுநரைக் கேட்டால் சொல்லிவிடுவார். தமிழ்க் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தாய்மாரோடு பேசுங்கள். எந்த வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருக்கிறாரோ அங்கே பிள்ளைகள் ஒன்பது மணிக்குக் கூடட்டும். வீட்டுப்பாடம் செய்யட்டும், செய்யாமல் பேசிக்கொண்டும் இருக்கட்டும். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வேன் ஏறட்டும். சாப்பாட்டுச் செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்ளுங்கள். பள்ளியைக் கேட்டுப் பாருங்கள், பிற்பகல் மாணவர்களுக்கான புறப்பாட நடவடிக்கை காலையில் இருக்கக்கூடும். இருந்தால் வாரத்தில் ஒரு நாள் அதிலேயே போய்விடும். இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அடுக்குமாடியில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவது அவ்வளவு கடினமாகிவிட்டது. ஆனால் நீங்கள் தட்டப்போகும் வீட்டிலும் இதே கவலையோடு ஒரு தாய் இருக்க வாய்ப்புண்டு.

இனி உங்கள் இரவு ஷிப்டு வாரத்துக்கு வருகிறேன். அதைத்தான் நீங்கள் கொடுமை என்று நினைப்பீர்கள். எனக்கோ அதுதான் நல்ல வாரமாகத் தெரிகிறது. காலை எட்டு மணிக்குள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், அவன் பன்னிரண்டு வரை வீட்டில் இருப்பான். வந்ததும் படுத்துவிடாதீர்கள். அவனை எழுப்புங்கள். அவனுக்குப் பசியாறல், உங்களுக்கு அதுவே இரவுச் சாப்பாடு. கீழே போய் ரொட்டி சானாய் வாங்கி வருவது அவன் வேலையாக இருக்கட்டும். ஒன்பது மணி வரை உட்கார்ந்திருங்கள், பிறகு தூங்குங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பள்ளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நீங்கள் பேசுங்கள். இரவு எந்த இயந்திரம் நின்றது, யார் தூங்கி வழிந்தார், சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தன் அம்மா அந்த வெள்ளைச் சட்டையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் என்ன செய்கிறாள் என்று தெரியவே தெரியாது. கேள்வி கேட்டால் அவன் "ம்" என்பான். கதை சொன்னால் எப்போதாவது குறுக்கே வருவான்.

கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். ஆனால் அது இரவில் அவன் அறையில் இருக்கக் கூடாது. பதின்ம வயதில் உடலே தூக்க நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. தூக்கம் வரச் செய்யும் மெலடோனின் சுரப்பு சிறு வயதில் இருந்ததைவிட இரவில் பிந்தித்தான் தொடங்கும். இது அவன் சோம்பேறித்தனம் அன்று. காலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையை விடியற்காலை அலாரம் இழுத்து நிறுத்திவிடும். பிற்பகல் பள்ளிப் பிள்ளைக்கு அந்தக் கடிவாளம் இல்லை. படுக்கும் நேரம் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும், ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகும். பதினொரு மணிக்கு எழுந்து, குளித்து, வேன் ஏறுவான். எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் இந்த வயதுக்குத் தேவை. அவனும் ஏறக்குறைய அவ்வளவு தூங்குகிறான், ஆனால் உலகம் விழித்திருக்கும் நேரத்தில் தூங்குகிறான். இரவு பதினொன்றுக்கு வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். உங்களுடையதும், உங்கள் கணவருடையதும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை அவனுக்கு மட்டும் சட்டமாக்கினால் மூன்றாம் நாளே உடைந்துவிடும்.

படிப்பு இறங்கியதைப் பற்றி அதிகம் கலங்காதீர்கள், ஆனால் அசட்டையாகவும் விட்டுவிடாதீர்கள். இந்த ஆண்டுப் பிள்ளைகளின் கதையே தனி. 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தார்கள். மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அடுத்த ஆண்டு முடியும் வரை பள்ளி திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை 2021-இல் ஒழித்துவிட்டார்கள். 2022-இல் கல்வியாண்டின் தொடக்கம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது, 2025-இல் பிப்ரவரிக்கு வந்தது, இவ்வாண்டு மறுபடி ஜனவரிக்கே திரும்பியிருக்கிறது. ஒரு பெரிய அரசுத் தேர்வைக்கூடக் காணாமல் இடைநிலைப்பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் எல்லாம் மலாயில்.

உங்கள் மகன் அறிவியலும் கணிதமும் தமிழில் படித்திருப்பான் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அவனுக்குப் பின்னம் தெரியும், 'பெச்சாஹான்' என்று ஆசிரியர் சொல்லும்போது அது பின்னம் என்று அந்த நொடியில் பிடிபடுவதில்லை. பிடிபடுவதற்குள் ஆசிரியர் இரண்டு வரி தாண்டியிருப்பார். பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. தனக்கு மூளை மங்கிவிட்டது என்று தனக்குள்ளேயே முடிவு செய்துகொண்டு கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவனுடைய "ம்"முக்குப் பின்னால் பாதியாவது இந்த வெட்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நோட்டுப்புத்தகத்தை நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் மலாயுமாக, பாடத்துக்குப் பாடம் அவனே எழுதி வரட்டும். நீங்களும் ஐந்தாம் படிவம் வரை மலாயில் படித்தவராக இருந்தால் அந்த நோட்டில் உங்கள் கையெழுத்தும் விழலாம். அவனுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தானே.

இன்னொன்று. அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த நாட்டில் தமிழ் வகுப்பு முதலில் நடந்தது 1816-இல், நம் பினாங்கில், ஃபிரீ ஸ்கூலில்தான். அந்த மாநிலத்தில் கேட்க ஆள் இல்லாமல் ஒரு வகுப்பு நின்றுபோகக் கூடாது. அது மொழிக்காக மட்டும் அன்று. நாள் முழுவதும் பின்தங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, தான் முன்னால் நிற்கக்கூடிய ஒரு பாடவேளை வேண்டும். பள்ளியின் ஆலோசக ஆசிரியரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சாப்பாடு குறைந்து, பள்ளிக்கே போகமாட்டேன் என்று சொல்லத் தொடங்கினால் தள்ளிப்போடாமல் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பணத்தையும் பேசிவிடுவோம். உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. 5,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் என்றால் முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். வேலையை விட்டால் இரண்டும் நின்றுவிடும். அந்தப் பணம் உங்கள் முதுமை. அவன் கல்லூரிக்குப் போகும் வயதில் உங்களுக்கு மறுபடி வேலை கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள். விடுவதற்குப் பதிலாக, மாற்றிக் கேளுங்கள். 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. இயந்திரம் ஓடும் இடத்தில் நிரந்தரப் பகல் வேலை அரிது. ஆனால் இந்த ஓராண்டுக்காவது ஷிப்டு சுழற்சியை மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், கடிதமாகக் கொடுங்கள்.

பழைய பிள்ளை திரும்பக் கிடைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மடியில் உட்கார்ந்திருந்தவனுக்கு வயது ஏழு. வெளியே போக முடியாமல், கூட்டாளிகள் இல்லாமல், உங்களைத் தவிர வேறு உலகமே இல்லாமல் அடைபட்டிருந்த ஏழு வயது. அந்த நெருக்கம் உண்மையானது, அதை யாரும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த அளவுகோலை வைத்து இந்தப் பையனை அளந்தால் ஒவ்வொரு நாளும் தோற்றுப்போனதாகவே தோன்றும். இவன் குரல் உடைந்துகொண்டிருக்கும் வயதுப் பிள்ளை. கொஞ்சம் கதவு சாத்திக்கொள்ள இவனுக்கு உரிமை உண்டு. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள், அது போதும்.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் வந்து தங்கச் சொல்லிப் பாருங்கள். பேரனுக்குக் காலையில் தோசை சுட்டுப் போட ஒரு பாட்டி கிடைத்தால் எல்லாருக்கும் நல்லதுதானே.

உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், கணவர் அந்த ஒரு வரியோடு மறைந்துவிட்டார். நீங்கள் இரவு வேலைக்குப் போகும் வாரத்தில் ஏழரையிலிருந்து மறுநாள் காலை வரை வீட்டில் இருக்கும் பெற்றவர் அவர்தான். பதினொரு மணிக்குக் கைப்பேசிகளைக் கூடத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பும், காலையில் கிளம்புமுன் மகனை ஒரு முறை எழுப்பிவிட்டுப் போகும் பொறுப்பும் அவருடையவை. பள்ளியில் பெற்றோரை அழைக்கும் நாளில் அவரும் விடுப்பு எடுக்க வேண்டும். அவரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் வெளியே உழைத்துவிட்டு வரும் மனிதர் அவர். ஆனால் மகன் பேசவில்லை என்ற பாரத்தை நீங்கள் ஒருவரே தூக்கிக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேன் ஓட்டுநரிடம் பேசும் வேலையை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அக்கா