எதுவரைக்கும் கேக்குது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல சத்தத்தை வச்சு ஊருக்கு மேப் போடுறவங்களைப் பத்தி போற போக்குல ஒரு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நினைக்கல. அதனால இந்த தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: சத்த மேப்னா டெசிபல் மீட்டர் வச்சு அளந்து, இரைச்சல் ஜாஸ்தியா இருக்குற ரோட்டுக்கு சிவப்பு கலர் அடிக்கிறது, அவ்ளோதானே சார்?

பதில்: நீங்க சொல்றது இரைச்சல் மேப். ஐரோப்பால 2002ல வந்த சட்டப்படி ஒரு லட்சம் பேருக்கு மேல வாழுற நகரங்கள் 5 வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் போட்டே ஆகணும். வேடிக்கை என்னன்னா அதுல பெரும்பகுதி யாரும் தெருவுல நின்னு அளந்தது கிடையாது, எவ்ளோ வண்டி போகுது, என்ன வேகம், பக்கத்துல கட்டடம் எவ்ளோ உயரம்னு கம்ப்யூட்டர்ல கொடுத்து கணக்கு போட்டு எடுக்குறது. அதை வேண்டாத வேலைனு சொல்ல மாட்டேன், பைபாஸ் ஓரத்துல தூக்கம் கெட்டு கிடக்குறவனுக்கு அந்த சிவப்பு கலர்தான் கையில இருக்குற ஆதாரம். ஆனா ரோடு, ரயில், விமானம், தொழிற்சாலை, இந்த நாலுதான் அதுல கணக்கு. காக்கா, மழை, சாயங்காலம் பசங்க போடுற கூச்சல் எதுவும் அங்க கிடையாது.

நான் எழுதினது வேற வகை. கனடால மர்ரே ஷேஃபர்னு ஒரு இசையமைப்பாளர், சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்துல ஒரு குழு சேத்துக்கிட்டு வான்கூவர் நகரத்தை மைக்கும் கையுமா சுத்தி, 1973ல இசைத்தட்டாவே வெளியிட்டாங்க. எந்த சத்தம் எப்பவும் பின்னாடி ஓடிட்டே இருக்கு, எது நம்மளைக் கூப்பிடுது, எதைக் கேட்டா கண்ணை மூடிக்கிட்டே இந்த ஊர்தான்னு சொல்லலாம்னு பிரிச்சாங்க. லேண்ட்மார்க் மாதிரி இதுக்கு சவுண்ட்மார்க்னு பேரு.

கேள்வி: எங்க ஏரியாவுக்கு இப்படி ஒண்ணு போட ஆசை. போன் மட்டும்தான் இருக்கு, எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: அந்த போனை முதல்ல பாக்கெட்ல வைங்க. தினமும் ஒரே நேரத்துல வர்ற சத்தம் ஒண்ணே ஒண்ணு புடிங்க, மணியோ சங்கோ ஏதோ ஒண்ணு, அது எதுவரைக்கும் கேக்குதுனு மட்டும் பாருங்க. நான் ஒரு மணிக்கூண்டை வச்சு பண்ணேன். அது அடிக்கிறதே அரை நிமிஷம், அதனால ஒரு நாளைக்கு ஒரு இடத்துலதான் நிக்க முடியும், கேட்டா பச்சைப் புள்ளி, கேக்கலைன்னா சிவப்புப் புள்ளி. அழகா வட்டமா வரும்னு நினைச்சேன், மூணு வாரம் கழிச்சு பாத்தா கிழிஞ்ச துணி மாதிரி இருந்துச்சு, உயரமான கட்டடத்துக்கு நேர் பின்னாடி இருக்குற சந்துல கூண்டு கிட்டயே இருந்தும் ஒண்ணும் கேக்கல, ஆனா நேரா போற ரோட்டுல அதைவிட ரெண்டு மடங்கு தூரத்துலயும் தெளிவா கேட்டுச்சு. ஒரு முக்குல மணி எனக்கு முதுகுப் பக்கத்துலேர்ந்து அடிச்சுது, திரும்பிப் பாத்தா வெறும் சுவரு, எதிரொலி!

லண்டன்ல செயின்ட் மேரி லே போ தேவாலயத்து மணி கேக்குற தூரத்துக்குள்ள பொறந்தவன்தான் அசல் காக்னி, அதாவது அசல் லண்டன்காரன்னு பழைய வழக்கு உண்டு. கோடு போட்ட எல்லை இல்ல, காது போட்ட எல்லை. இப்ப வண்டி இரைச்சல்ல அந்த எல்லை ரொம்ப சுருங்கிப் போச்சு.

கேள்வி: தூரத்து சத்தமும் கிட்டத்து சத்தமும் ரெக்கார்டிங்ல ஒரே அளவா கேக்குது. போன் பழசாயிடுச்சா?

பதில்: போன் நல்லாத்தான் இருக்கு. சின்ன சத்தத்தைத் தூக்கி பெரிய சத்தத்தை அமுக்குறதுதான் அதுக்கு சொல்லிக்கொடுத்த வேலை, பேச்சு தெளிவா கேக்கணும்ல. கெயினை, அதாவது சத்தத்தை எவ்ளோ தூக்கணும்ங்கிற அளவை, நாமளே வைக்கிற ஆப் ஒண்ணு போட்டு, சத்தத்தைச் சுருக்காம அப்படியே வைக்கிற வேவ் (WAV) ஃபைலா எடுங்க. ஆரம்பத்துல இடம், நேரம், காத்து எப்படினு வாயால சொல்லிட்டு மூணு நிமிஷம் ஆடாம அசையாம நில்லுங்க, சட்டை உரசுறது கூட இடி மாதிரி விழும்.

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு ரயில் ஹாரன் பக்கத்துத் தெருவுல அடிக்கிற மாதிரி இருக்கு, பகல்ல கேக்குறதே இல்ல. பிரமையா?

பதில்: இல்லவே இல்ல. பகல்ல மத்த சத்தம் அதை மூடிடுது, இது பாதி காரணம். மீதி, வெயில்ல தரையோரக் காத்து சூடாகி மேல போகப் போக குளிர்ச்சியா இருக்கும், அப்ப சத்தம் மேல் பக்கமா வளைஞ்சு போயிடும். காத்தடிக்காத, மேகமில்லாத ராத்திரில தரை முதல்ல குளிர்ந்துடும், சூடான காத்து மேல நிக்கும், சூட்டுல சத்தம் வேகமா போறதால கீழ்ப்பக்கமா வளைஞ்சு ரொம்ப தூரம் வந்து இறங்கும். அதனால பகலுக்கு ஒரு மேப், ராத்திரிக்கு ஒரு மேப் போட்டாதான் சரியா வரும்.

கேள்வி: எங்க மாமாவுக்கு பார்வை கிடையாது. இதைப் படிச்சுக் காட்டினா "இதுல என்னடா புதுசு"னு சிரிக்கிறார்.

பதில்: சிரிக்காம என்ன பண்ணுவார்! சுவர் முடிஞ்சு சந்து திறக்குற இடம், கூரை மாறுற இடம் எல்லாம் அவருக்கு காலடி சத்தத்துலயே தெரியும். 1969லயே மைக்கேல் சவுத்வொர்த்னு ஒரு நகரமைப்பு ஆய்வாளர் பாஸ்டன்ல சிலரைக் கண்ணைக் கட்டியும் சிலரைக் காதை அடைச்சும் தெருத்தெருவா கூட்டிட்டுப் போய் அவங்களுக்கு ஊர் எப்படி இருந்துச்சுனு கேட்டு எழுதியிருக்கார். நீங்க அவ்ளோ சிரமப்பட வேணாம், மாமாவோட ஒரு நடை போங்க. வழியில பேச்சு கொடுக்காதீங்க, எங்க நிக்கிறார், எங்க வேகம் குறைக்கிறார்னு மட்டும் குறிச்சுட்டு வாங்க, காரணத்தை வீட்டுக்கு வந்து கேட்டுக்கலாம். மழை நாளா பாத்து போயிடாதீங்க, ஈர ரோட்டுல டயர் ஓடுற சத்தம் அவர் நம்பியிருக்குற மத்த எல்லாத்தையும் மூடிடும்.