தெருக் குழாயில் கசிவு: புகார் செய்வதும் சரிசெய்வதும் யார் பொறுப்பு?

வாசலுக்கு வெளியே சாலைக்கு அடியில் தண்ணீர் கசிகிறது, புகார் செய்தால் செலவை நம் தலையில் கட்டிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தனிவீட்டுக்காரராகத்தான் இருப்பீர்கள்; அக்கம்பக்கத்தார் வாய் திறக்காததைப் பார்த்து நீங்களும் தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தெருவில் ஓடும் பகிர்மானக் குழாய், அதாவது பிரதானக் குழாய், உள்ளாட்சிக்கோ குடிநீர் வாரியத்துக்கோ உரியது. அதிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கிளை பிரியும் இடத்தில் ஃபெர்ரூல் என்ற சிறு இணைப்புத் துண்டு இருக்கும். அதைத் தாண்டி வரும் வீட்டு இணைப்புக் குழாய், சாலைக்கு அடியில் கிடந்தாலும், பல ஊர்களில் வீட்டுக்காரரின் செலவாகவே கருதப்படுகிறது. ஆனால் அனுமதியின்றிச் சாலையைத் தோண்டும் உரிமை உங்களுக்கு இல்லை. சென்னையில் இது இன்னும் சிக்கல்: குழாய், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியத்துடையது, தெருச் சாலை மாநகராட்சியுடையது. கசிவுக்கு 1916, தோண்டிய பள்ளம் மூடப்படாவிட்டால் 1913 என்று இரண்டு தொலைபேசி எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது வேறு ஊர்; சில நாள்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் திறந்துவிடுவார்கள். எங்கள் தெருமுனையில் தண்ணீர் வரும் வேளையிலெல்லாம் மண் கொப்பளித்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. காரணம் எளிது. பாதி வீடுகளில் குழாயிலேயே நேரடியாக மோட்டார் பொருத்தியிருந்தார்கள். கசிவைப் பார்க்க வரும் ஃபிட்டர் மோட்டாரையும் பார்த்துவிடுவாரே என்ற பயம். அவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை, கடைசி வீடுவரை அழுத்தம் எட்டாத ஊரில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஆயினும் அந்த மோட்டார்தான் ஆபத்து. விநியோகம் நின்று குழாய் வெறுமையாகும்போது, பக்கத்துச் சாக்கடை நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே புகும். மோட்டார் இழுத்தால் இன்னும் வேகமாகப் புகும். முதலில் வரும் ஒரு குடம் நாறுவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் நான் எழுதிக் கொடுத்தேன். ஊழியர் தண்ணீர் வராத நாளில் வந்து, காய்ந்த மண்ணைப் பார்த்து, ‘கசிவு இல்லை’ என்று எழுதிப் புகாரை முடித்துவைத்தார். மறுபடி கேட்டபோது, அது வீட்டு இணைப்பாகத்தான் இருக்கும், அருகிலுள்ள வீட்டார் பணம் கட்டினால் தோண்டலாம் என்றார்கள். தோண்டாமலே எப்படித் தெரியும் என்று எழுத்தில் கேட்ட பிறகுதான் பள்ளம் வெட்டினார்கள். உடைந்திருந்தது பிரதானக் குழாயே. கேபிள் பதித்தவர்கள் எப்போதோ அதைக் கிழித்துவிட்டு, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, மண்ணைத் தள்ளி மூடிப் போயிருந்தார்கள். சாலையை வெட்டக் கட்டணம் வாங்கும் அலுவலகம், மூடுவதற்கு முன் அடியில் கிடக்கும் குழாயை ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கக் கூடாதா? கேபிள்காரருக்கு ஒரு கேள்வியும் இல்லை, குடத்தோடு நிற்பவருக்குத்தான் ஆயிரம் கேள்வி.

ஊழியர்களைத் தூற்றுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரே ஃபிட்டர் பல வார்டுகளுக்கு அலைவதை நானும் பார்த்திருக்கிறேன். சிறு கசிவுக்கு இவ்வளவா என்பவர்களுக்கும் ஒரு கணக்கு: 3 மில்லிமீட்டர் துளையும் வெறும் 5 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமும் இருந்தாலே மணிக்கு ஏறத்தாழ 150 லிட்டர் போகும். கசிவு, திருட்டு என்று கட்டணம் வராமல் போகும் நீர், விநியோகிக்கும் நீரில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008இலேயே அளவுகோல் வகுத்திருக்கிறது.

ஆகவே, வாசலுக்கு உள்ளே இருக்கும் வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் வெளியே கசிந்தால், தண்ணீர் வரும் நேரத்தில் தேதியும் நேரமும் தெரியும்படி காணொளி எடுத்து, புகார் எண்ணோடு உதவிப் பொறியாளருக்கு மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் ‘விநியோக நேரத்தில் ஆய்வு செய்து, கசிவு பிரதானக் குழாயிலா, ஃபெர்ரூலிலா, வீட்டு இணைப்பிலா என்பதைத் தோண்டிப் பார்த்த பின் எழுத்தில் தெரிவிக்கவும்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அந்தப் பதில் கையில் வரும்வரை எதற்கும் பணம் கட்டாதீர்கள்.